கையில் மூன்றாவது தமனி: பரிணாமமா, எண்ணியதில் கோளாறா?

நாடிபிடிப்பவன்:
முழங்கை மடிப்பருகே பெரிய தமனி ரேடியல், அல்னார் என்று இரண்டாகப் பிரியும். பாடப்புத்தகப் படம் அதுதான். கருவில் மட்டும் நடுவே மீடியன் தமனி என்று இன்னொன்று ஓடும். எட்டாவது வாரம் வாக்கில் அது சுருங்க, மற்ற இரண்டும் வேலையை எடுத்துக்கொள்ளும். சிலருக்கு அது சுருங்காமல் ஆயுசுக்கும் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ், அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 78 கைகளை அறுத்துப் பார்த்ததில் 26இல், அதாவது மூன்றில் ஒரு பங்கில், இருந்ததாம். 1880களில் பிறந்தவர்களிடம் 10 சதவீதம்தான். இப்படியே போனால் 2100க்குள் பெரும்பாலானோருக்கு இருக்குமாம். மனிதப் பரிணாமம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

கத்தரிக்கோல்:
சார், 26 இருந்ததை நான் மறுக்கவில்லை. பழைய கணக்கோடு அதை ஒப்பிடுவதில்தான் சண்டை. டிசெக்‌ஷன் ஹாலில் முன்னங்கைத் தசைகளை விலக்கிப் பாருங்கள். மீடியன் நரம்பை ஒட்டி நூல் போல ஒரு தமனி பெரும்பாலும் எல்லோருக்குமே இருக்கும். அதையும் சேர்ப்பதா? மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைக்குப் போவதை மட்டும் சேர்ப்பதா? நூறு வருடமாக எழுதிய எல்லோரும் ஒரே இடத்தில் கோடு கிழிக்கவில்லை. போதாததற்கு, சாயம் கலந்த லேடெக்ஸை (ரப்பர் பாலை) ரத்தக்குழாயில் ஏற்றிய கையில் பளிச்சென்று தெரிவது, ஏற்றாத கையில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நாடிபிடிப்பவன்:
எண்ணியவர்கள் ஆளுக்கொரு விதமாக எண்ணியிருந்தால் சதவீதம் ஏறியும் இறங்கியும்தானே இருக்கணும்? ஒரே பக்கமாக ஏறுவானேன்?

கத்தரிக்கோல்:
பிந்தி வந்தவர்கள் அதைத் தேடிப் போய் எண்ணியிருக்கலாமே! ஒன்றைத் தேடுகிறவன் கண்ணில் அது அதிகமாகப் படும்.

வேப்பங்காய்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். ஏறியது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுச் சொச்சம் வருடம் என்றால் சுமார் ஐந்து தலைமுறை. இயற்கைத் தேர்வால் 10 சதவீதம் 30 ஆக வேண்டுமானால், இந்தத் தமனி உள்ளவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகப் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். அதுவும் இந்தத் தமனி பெற்றோரிடமிருந்து அப்படியே பிள்ளைக்கு இறங்குகிறது என்று கொண்டால்தான். கைக்குக் கொஞ்சம் கூடுதல் ரத்தம் வருவதற்காகவா அத்தனை பிள்ளைகள்?

நாடிபிடிப்பவன்:
தேர்வு ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? அந்தத் தமனியைச் சுருங்க வைக்கும் மரபணுக்களில் மாற்றம் நேர்ந்திருக்கலாம், கர்ப்ப காலத்தில் தாயின் உடல்நலக் குறைவும் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள்.

வேப்பங்காய்:
அப்புறம் எதற்குப் பரிணாமம் என்று தலைப்புப் போடுவது? தாயின் உடல்நலம்தான் காரணம் என்றால் அது கருவறைச் சூழல். நல்ல சாப்பாடு கிடைத்து இரண்டு தலைமுறையில் பல நாடுகளில் சராசரி உயரம் கூடியது. அதை யாரும் புது மனித இனம் என்று கொண்டாடவில்லை.

கட்டுப்போடுபவர்:
நீங்கள் சண்டை போடுங்கள், எங்கள் கவலை வேறு. மணிக்கட்டில் மீடியன் நரம்பு போகும் குறுகிய பாதையான கார்பல் டனலைத் திறக்கும்போது நரம்போடு இந்தத் தமனியும் கிடந்தால் கத்தி வைக்குமுன் யோசிக்கணும். அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் விரல் மரப்பும் வலியும் அந்தப் பாதையில் நரம்பு நசுங்கும் அசல் கார்பல் டனல் நோய் மாதிரியே வரும். முழங்கைக்கு மேலேயே ரேடியல் தமனி பிரிந்துவிடுவதும் அபூர்வமில்லை. கை வழியாக ஆஞ்சியோ செய்கிறவர்களைக் கேளுங்கள், குழாய் போகாமல் முரண்டு பிடிக்கும்.

கத்தரிக்கோல்:
டாக்டர் சொல்வது நியாயம். நாடி சார், சாட்சி வேண்டுமென்றால் வழி இருக்கிறது. ஒரே ஊரில் தாத்தா, மகன், பேரன் மூவர் கையிலும் அல்ட்ராசவுண்ட் வைத்து, உள்ளங்கைவரை போவதை மட்டும் எண்ணட்டும். யார் கையில் என்ன என்று தெரியாதவர் எண்ணணும். அதில் ஏறினால் பேசுவோம்.

நாடிபிடிப்பவன்:
சரி, செய்யட்டும். ஆனால் எண்ணுவதற்கு முன்பே "ஏறவில்லை" என்று நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே, அது மட்டும் எந்த ஊர் நியாயம்?