14 மாதமாகக் காலி: தளத்தைப் பிரிக்கலாமா?

இரண்டாம் மாடி, 100 அடிக்கு 60 அடி, ஒரே ஹால். முன்பு கால் சென்டர் இருந்தது. ஊரில் வேலைவாய்ப்பு குறையவில்லை. ஆனால் புதிதாக வருவதெல்லாம் கிடங்கு, டெலிவரி, மருத்துவமனை வேலை. மேசை தேவைப்படாத வேலைகள். மிச்சமிருக்கும் ஐடி ஆட்களும் வாரத்துக்கு மூன்று நாள்தான் அலுவலகம் வருகிறார்கள்.

வாடகையைக் குறைத்தாயிற்று, மூன்று மாதம் வாடகையே வேண்டாம் என்றாயிற்று, புரோக்கரையும் மாற்றியாயிற்று. வருகிறவர்கள் கேட்பது 1,000 சதுர அடி.

பிரித்தால் நடுவே 5 அடி நடைபாதை விட வேண்டும். 500 சதுர அடி அதிலேயே போய்விடும். முழுத் தளத்துக்கும் ஏசி டக்ட் (குளிர்காற்றுக் குழாய்) ஒன்றுதான், மின் மீட்டர் ஒன்றுதான், கழிப்பறை ஒரே மூலையில். தடுப்புச் சுவர் எழுப்பினால் தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களையும் இடம் மாற்ற வேண்டும், செலவு அங்கேதான் எகிறுகிறது.

ஐந்தாகப் பிரிப்பதா, அல்லது முழுத் தளத்தையும் மருத்துவப் பரிசோதனைக் கூடத்துக்கு விடுவதா, எது சரிவரும்?