லாப்டாப்பில் எந்த விளையாட்டும் 30 பிரேமைத் தாண்ட மறுக்கிறது, அவசரம்

முகாம்வாசி:
வணக்கம். கேமிங் லாப்டாப், என்விடியா 4060 கிராஃபிக்ஸ் அட்டை. எதைத் திறந்தாலும் நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம்தான். லேசான விளையாட்டான வேலரண்ட்கூட 30! டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், விண்டோஸையும் புதுப்பித்தேன், பலன் இல்லை. படத்தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாலும் அதே 30. நாளை இரவு ராணுவ முகாமுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் யாராவது வழி சொல்லுங்கள்.

பொங்கோல் புலி:
என்ன மாடல்? ரேம் எவ்வளவு? சார்ஜரைச் செருகி விளையாடுகிறீர்களா, பேட்டரியிலா? முன்பு நன்றாக ஓடியதா, வாங்கியதிலிருந்தே இப்படியா?

விசிறி:
வெப்பம்தான், வேறென்ன. இந்த ஊர்ப் புழுக்கத்தில் குளிர்சாதனம் போடாத அறையில் கேமிங் லாப்டாப் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். பின்மூடியைக் கழற்றித் தூசியை ஊதுங்கள். சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றுங்கள்.

இரட்டை ரேம்:
ஒரே ரேம் குச்சியோடு விற்றிருப்பார்கள். இரண்டாவது குச்சி போட்டால் வித்தியாசம் தெரியும்.

முகாம்வாசி:
16 ஜிபி, இரண்டு குச்சி. சார்ஜரில்தான் இருக்கிறது. வெப்பம் 70ஐத் தாண்டவில்லை. போன மாதம் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன்.

விசிறி:
70 என்று காட்டுவது சிபியுவா, கிராஃபிக்ஸா? மென்பொருள் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. கையை வைத்துப் பாருங்கள்.

பழைய கை:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. சரி, இன்னொரு முறை எழுதுகிறேன். பேஸ்ட் காய்ந்திருந்தால் பிரேம் 90க்கு ஏறும், 40க்கு விழும், மறுபடி ஏறும். 30இல் ஆணி அடித்தாற்போல் நின்றால் இயந்திரத்துக்குப் பலம் இல்லை என்று பொருள் அல்ல, எங்கோ பூட்டு விழுந்திருக்கிறது. பூட்டு இருக்கக்கூடிய இடங்கள்: விளையாட்டுக்குள் இருக்கும் பிரேம் வரம்பு, வி-சிங்க் (பிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் அமைப்பு), என்விடியா கண்ட்ரோல் பேனலில் அதிகபட்ச பிரேம் வீதம், பேட்டரி பூஸ்ட். இந்தக் கடைசி ஆசாமி பேட்டரியில் ஓடும்போது பிரேமை 30க்கு இறக்கிவிடுவதில் பேர்போனவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

ஈசூன் வாசி:
தம்பி, வாங்கி ஒரு மாதம்தானே ஆகிறது? சிங்கப்பூரில் லெமன் சட்டம் இருக்கிறது, குறையுள்ள பொருளை விற்றவரைக் கேட்க வழிசெய்யும் சட்டம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் விற்றவர் பொறுப்பு. திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள்.

செங்காங்காரி:
அண்ணா, அது கடைக்குத்தான் பொருந்தும். தனியாள் தன் பழைய பொருளை இன்னொரு தனியாளுக்கு விற்றால் அந்தச் சட்டம் கைகொடுக்காது.

ஈசூன் வாசி:
பழைய பொருளுக்கும் உண்டு என்று நான் படித்திருக்கிறேன். 2012இல் வந்த சட்டம், நேற்று வந்தது அல்ல.

செங்காங்காரி:
பழைய பொருளுக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விற்பது வியாபாரியாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய பழைய காருக்குக்கூடச் செல்லும். பணத்தைத் திரும்பப் பெறுவதும் முதல் படி அல்ல. பழுது பார்த்துத் தா, அல்லது மாற்றித் தா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அது சரிவராவிட்டால்தான் விலைக் குறைப்பும் பணமும். இத்தனைக்கும் பொருளில் குறை இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை.

ஈசூன் வாசி:
விற்றவர் வாரம் ஒரு லாப்டாப் விற்பவராக இருந்தால்? அவர் வியாபாரி இல்லையா?

பொங்கோல் புலி:
ஐயா, அம்மா, இதற்குத் தனி இழை திறந்துகொள்ளலாமே. தம்பி, வி-சிங்க் பார்த்தீர்களா?

முகாம்வாசி:
பார்த்தேன். வி-சிங்க்கை நிறுத்தியதும் எண் 110க்குப் போய்விட்டது! ஆனால் விளையாடும்போது முன்பு போலவே தடக் தடக்கென்றுதான் ஓடுகிறது. வேகமாகத் திரும்பினால் சுவர் இடுப்பளவில் வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமுமாக நிற்கிறது. முன்பு இது இல்லை.

பழைய கை:
110 வந்துவிட்டதல்லவா, சிக்கல் தீர்ந்தது. வெட்டுப்படுவது வி-சிங்க் இல்லாததால். மற்றது மனப்பிரமை.

விசிறி:
மனப்பிரமை இல்லை. சூடு.

செங்காங்காரி:
பிரமையும் இல்லை, சூடும் இல்லை. கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்கு 110 படம் வரைகிறது, திரை காட்டுவது 30தான். வி-சிங்க் இருந்தவரை விளையாட்டு திரைக்காகக் காத்திருந்தது, அதனால் எண்ணும் 30. இப்போது காத்திருப்பது நின்றது, திரை மாறவில்லை. அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் புதுப்பிப்பு வீதம் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்று பாருங்கள். லாப்டாப்பின் சொந்தத் திரையில்தானே விளையாடுகிறீர்கள்?

முகாம்வாசி:
30 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. பட்டியலில் வேறு எண்ணே இல்லை. டிவியில்தான் விளையாடுகிறேன், சொல்லவில்லையா? வரவேற்பறையில் 55 அங்குல 4கே. ஹப் வழியாக. ஒரே டைப்-சி வயரில் சார்ஜர், மவுஸ், டிவி எல்லாம் வந்துவிடும்.

பொங்கோல் புலி:
சொல்லவில்லை.

பழைய கை:
ஒரு மணி நேரம். முதல் வரியில் "டிவி" என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்திருந்தால் போதும்.

செங்காங்காரி:
ஹப்பைத் திருப்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளைக்குப் பக்கத்திலோ அடிப்பக்கத்திலோ பொடி எழுத்தில் "4கே 30 ஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருக்கும். டைப்-சி வயருக்குள் வேகத் தரவுக்கு நான்கு பாதைகள். ஹப் இரண்டை யுஎஸ்பிக்குக் கொடுத்துவிட்டு மீதி இரண்டில்தான் படத்தை அனுப்புகிறது. 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப மலிவான ஹப்பில் அந்த இரண்டு பாதை போதாது.

செலவில்லாத வழி இரண்டு. லாப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இருக்குமே, டிவியை நேராக அதில் செருகுங்கள். வயர் பழசாக இருந்தால் அதுவே காலை வாரும், ஏனென்றால் எச்டிஎம்ஐ 1.4 காலத்தில் 4கேக்கு 30தான், 60 வந்தது 2.0இல். சில டிவிகளில் அந்தத் துளைக்கு மட்டும் உயர்தர சிக்னலை அனுமதிக்கும் அமைப்பைத் தனியாகத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஹப்பிலேயே இருந்துகொண்டு தெளிவுத்திறனை 1080க்கு இறக்குங்கள், 60 கிடைத்துவிடும். அந்தக் கிராஃபிக்ஸுக்குக் கனமான விளையாட்டில் 4கே எப்படியும் அதிகம்தான்.

சார்ஜர் எத்தனை வாட்?

முகாம்வாசி:
65. லாப்டாப்போடு வந்தது செங்கல் மாதிரி பெரியது, 230. அதை எடுப்பதே இல்லை.

செங்காங்காரி:
அடுத்து வரப்போகும் தொல்லை அதுதான். 4060 அட்டைக்கு மட்டுமே, தயாரிப்பாளர் விட்டிருக்கும் அளவைப் பொறுத்து, 115 வாட் வரை போகும். 65இல் சிபியுவும் அட்டையும் திரையும் எப்படிப் பிழைக்கும்? விளையாடும்போது பேட்டரி சதவீதம் இறங்கிக்கொண்டே வரும், கவனித்தீர்களா? செருகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அந்த 110கூட முழுப் பலம் இல்லை.

ஈசூன் வாசி:
மலேசியாவில், ஜொகூரில் பெரிய சார்ஜரே மலிவாகக் கிடைக்கிறது.

பொங்கோல் புலி:
அவரிடம் பெரியது இருக்கிறது அண்ணா, அலமாரியில். தவிர இங்கே விற்கும் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும் என்று விதி. கடல் தாண்டி வாங்கி வருவதில் அது இருக்குமா இருக்காதா, யார் கண்டது. வீடு எரிந்த பிறகு லெமன் சட்டம் பேச முடியாது.

ஈசூன் வாசி:
அந்தச் சட்டத்தை நான் இன்னும் விடவில்லை.

இரட்டை ரேம்:
ரேம் இரண்டு குச்சியும் ஒரே வேகமா என்று யாரும் கேட்கவில்லை.

முகாம்வாசி:
மன்னிக்கவும், வாரம் முழுக்க முகாம். நேரடி எச்டிஎம்ஐ, 4கே, 60 ஹெர்ட்ஸ். பெரிய சார்ஜர். வி-சிங்க் போட்டும் 60. எல்லாருக்கும் நன்றி.

தேக்கா வாசி:
இப்போதுதான் படித்தேன். என் ஹப்பில் 4கே 60 வருகிறதே, அப்புறம் எப்படி?

செங்காங்காரி:
டைப்-சி வயரில் படம் போவது டிஸ்ப்ளேபோர்ட் என்ற தரத்தில். உங்கள் ஹப்பும் லாப்டாப்பின் டைப்-சி துளையும் அதன் 1.4 பதிப்பாக இருக்கும். அதில் ஒவ்வொரு பாதையும் வேகமானது, இரண்டே போதும். ஒன்று 1.4, மற்றது 1.2 என்றால் மறுபடி 30. வாங்கும்போது பெட்டியில் "4கே" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள், பக்கத்தில் 60 இருக்கிறதா என்று பாருங்கள்.