பூம்பாறையில் கிடைத்த மண் சிற்றுண்ணி: பெயர் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் எங்கள் பூண்டுத் தோட்டம். மேல்வரப்பு நாவல் மரத்தடியில் இரண்டு கை இலைமட்கு அள்ளி, தகரப் புனலில் கொசுவலை விரித்துக் கொட்டி, மேலே 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டேன். சூடு தாங்காமல் கீழே இறங்குகிறவை அடியில் வைத்த 70% எத்தனாலில் விழும்.

மூன்றாம் நாள் ஐந்து ஒரிபாட்டிட் சிற்றுண்ணிகள் (மண்ணில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணி) கிடைத்தன. (அப்பா பயந்தார், இது செடியைக் கெடுக்கும் சிலந்திப்பேன் இல்லை, இலையை மட்க வைக்கிற ஜாதி.) கடுகில் பாதிகூட இல்லை, தேன் நிறம். ஒன்று வலையிலேயே உயிரோடு இருந்தது. ஊசி முனையால் தொட்டதும் கால்களை உள்ளே இழுத்து, தலைமூடியைக் கவிழ்த்து, பெட்டி மாதிரி மூடிக்கொண்டது!

வயிற்றுப் பக்கத்து அடித்தகடுகள் அகலமாக இருப்பதால் ஃப்திராகாரிடே குடும்பம் என நினைக்கிறேன். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. உள்ளே தெரியும்படி லாக்டிக் அமிலத்தில் தெளியவைத்த ஒன்றை, அவசரப்பட்டு கவர் கிளாஸில் நசுக்கிவிட்டேன். அப்புறம்தான், நசுங்காமல் வைக்க நடுவில் பள்ளம் உள்ள குழி ஸ்லைடு வாங்கினேன்.

பழனி மலைத்தொடரில் இதுவரை பதிவான ஒரிபாட்டிட் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா? அதைப் பார்க்காமல் ‘இங்கே முதல் பதிவு’ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தலைமூடியில் இருக்கும் உணர்மயிரின் வடிவம் தெரிய எந்தக் கோணத்தில் படம் எடுப்பது? ஜூவாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவின் சென்னை மையத்துக்கு மாதிரி அனுப்பியவர்கள் இருந்தால், குப்பியை எப்படிக் கட்டி அனுப்பினீர்கள் என்று சொல்லுங்கள். மிச்சம் நான்குதான் இருக்கின்றன.