ஆம்ஸ்டர்டாம்: மையமான இடத்தில் கட்டுப்படியாகும் ஹோட்டல் – அவசர உதவி

நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 8.40

வணக்கம். ஆம்ஸ்டர்டாமில் நான்கு இரவுகள் தங்கப் போகிறோம். இடம் மையமாக இருக்க வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது. மூன்று நாளாகத் தேடித் தலை சுற்றிவிட்டது. கடைசியில் கால்வாய் ஓரமாக, பழைய வீடு ஒன்றில் நடத்தும் சிறிய ஹோட்டல் கிடைத்திருக்கிறது. ஊர் நடுவிலுள்ள டாம் சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். அக்கம்பக்கத்து ஹோட்டல்களைவிட விலை நன்றாகவே குறைவு. சலுகை இன்று நள்ளிரவோடு முடிகிறது என்று காட்டுகிறது. பதிவு செய்துவிடலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி | 8.52

எந்த மாதம்? எத்தனை பேர்? ஓர் இரவுக்கு எவ்வளவு வரை கொடுக்க முடியும்? இந்த மூன்றும் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. நவம்பரில் தனி ஆளாகப் போகிறவருக்கும் ஏப்ரலில் குடும்பத்தோடு போகிறவருக்கும் அந்த ஊரின் விலைகளில் சம்பந்தமே இருக்காது.

ரயில்பிரியன் | 9.01

ஆம்ஸ்டர்டாமுக்குள் தங்கவே வேண்டாம். ஹார்லெமில் தங்குங்கள். ரயிலில் கால் மணி நேரம், அடிக்கடி வண்டி உண்டு. அமைதியான ஊர். காலையில் சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு ஒன்பதரை மணிக்கு ஆம்ஸ்டர்டாமில் இருக்கலாம். அங்குள்ள பெரிய தேவாலயத்தில் ஓர் ஆர்கன் இருக்கிறது. 1766-ல் பத்து வயதுச் சிறுவனாக மோட்சார்ட் வந்து வாசித்தது. அதைப் பார்க்கவாவது போக வேண்டும். நான் இரண்டு முறையும் ஹார்லெமில்தான் தங்கினேன். இனிப் போனாலும் அங்குதான் தங்குவேன்.

வரைபடம் (மூத்த உறுப்பினர்) | 9.10

மாதத்துக்கு நான்கு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். ஒருவராவது வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு வருவதில்லை. முதலில் "மையம்" என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள். சென்ட்ரல் ரயில் நிலையம் நகரின் வடக்கு ஓரத்தில், தண்ணீரை ஒட்டி இருக்கிறது. ரைக்ஸ் மியூசியமும் வான்கோ அருங்காட்சியகமும் தெற்கே. இரண்டுக்கும் இடையே நடந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் எதற்குப் பக்கத்தில் இருக்க விரும்புகிறீர்கள்? "கால்வாய் ஓரம்" என்பது அந்த ஊரில் ஓர் அடையாளமே இல்லை. எங்கே நின்றாலும் கால்வாய் ஓரம்தான்.

அடுத்தது வரி. நகராட்சியின் தங்கல் வரி 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம். ஹோட்டல் தங்கலுக்கான மதிப்புக்கூட்டு வரியும் 2026 ஜனவரியில் 9-லிருந்து 21 சதவீதமாகிவிட்டது. நீங்கள் பார்த்த விலையில் இவை அடக்கமா என்று பார்த்தீர்களா? பல தளங்களில் முதல் பக்கத்து விலை ஒன்று, பணம் கட்டும் பக்கத்து விலை வேறொன்று. வரிக்கு முன் 200 யூரோ என்று வைத்துக்கொண்டால் தங்கல் வரி மட்டுமே 25 யூரோ. விலை ஏன் இறங்குவதில்லை என்று யாராவது கேட்பதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன்: பழைய ஹோட்டல் ஒன்று மூடினால்தான் புதிய ஹோட்டலுக்கு அனுமதி என்று 2024-ல் நகராட்சி முடிவெடுத்தது. அறைகள் பெருக வழியில்லை.

நிலாமுற்றம் | 9.25

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஏப்ரல் 24 வந்து 28 கிளம்புகிறோம். நான்கு பேர். எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 240 யூரோ வரை. ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்குகிறோம், விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நான் பார்த்தது மூன்றாம் தளத்தில் நால்வருக்கான ஒரே அறை. வரி பற்றி இப்போதுதான் பார்க்கிறேன், சேர்க்கவில்லை போலிருக்கிறது.

கால்வாய்க்கரை | 9.41

சகோதரி, நான் ஆம்ஸ்டல்வீனில் ஆறு வருடங்களாக இருக்கிறேன், ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே ஒட்டிய ஊர். தயவுசெய்து இன்று இரவே பதிவு செய்துவிடாதீர்கள். நால்வர் யார் யார்? அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன வருடம் என் தோழியின் குடும்பம் இதே மாதிரி ஒரு பழைய வீட்டு ஹோட்டலில் தங்கியது. பெட்டி தூக்க உதவலாம் என்று நானும் போனேன். கதவைத் திறந்ததும் படிக்கட்டு. வரவேற்பறைகூட முதல் தளத்தில்தான். ஒவ்வொரு படியிலும் என் பாதத்தில் பாதிதான் பதிந்தது, குதிகால் அந்தரத்தில். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் சுவரை ஒட்டித் தடித்த கயிறு ஒன்று மேலிருந்து கீழ் வரை தொங்கியது. நிமிர்ந்து பார்த்தால் நான்காவது ஐந்தாவது படி முகத்துக்கு நேரே நிற்கிறது. பெட்டியை ஒருவர் மேலிருந்து இழுக்க, ஒருவர் கீழிருந்து முட்டுக் கொடுக்க, இரண்டு பெட்டி ஏற்றக் கால் மணி நேரமாயிற்று. இறங்கும்போது தோழியின் மாமியார் கிணற்றில் இறங்குவதுபோலப் படியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இறங்கினார். அதன் பிறகு அந்த அம்மா நாளுக்கு ஒரு முறைதான் வெளியே வந்தார். மதியம் அறைக்குத் திரும்பி இளைப்பாற வழியே இல்லை.

இன்னொன்று. ஏப்ரல் 27 அரசர் பிறந்தநாள். ஊரே ஆரஞ்சு நிற உடையில் தெருவில் இறங்கிவிடும், முந்தைய இரவிலேயே பாட்டும் கூத்தும் தொடங்கிவிடும். உங்கள் தேதிகள் அதற்குள் விழுகின்றன. டாம் சதுக்கத்தின் அருகே அந்த இரவில் தூங்க முடியாது.

நிலாமுற்றம் | 9.50

நானும் கணவரும், என் அப்பா அம்மாவும். அப்பாவுக்குப் போன வருடம் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சமதரையில் நன்றாக நடக்கிறார், படிதான் சிரமம். லிஃப்ட் பற்றி ஹோட்டல் பக்கத்தில் ஒன்றும் போடவில்லை.

ஊர்சுற்றி | 9.54

அம்மா, இதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! லிஃப்ட் பற்றி ஒன்றும் போடவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த ஹோட்டலை மறந்துவிடுங்கள்.

விசா கைக்கு வந்துவிட்டதா? சலுகை விலை என்றால் ரத்து செய்தால் பணம் திரும்புமா?

நிலாமுற்றம் | 10.02

விசா விண்ணப்பம் அடுத்த வாரம்தான். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று சிறிய எழுத்தில் இருக்கிறது.

ஊர்சுற்றி | 10.11

விசா கையில் இல்லாமல் பணம் திரும்பாத அறையைத் தொடவே கூடாது. நான் 2023-ல் இப்படிச் செய்து நான்கு இரவுக்கான பணத்தை முழுதாக இழந்தேன். விசா ஒரு வாரம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். ஹோட்டலில் கெஞ்சினேன், விதியைக் காட்டினார்கள். விதி அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிடச் சான்று வேண்டும், ஆனால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவே அதற்குப் போதும். ஏற்கெனவே ஆளுக்கு 90 யூரோ விசாக் கட்டணம் கட்டப் போகிறீர்கள். நான்கு பேருக்கு 360. அதோடு ஹோட்டல் பணத்தையும் பணயம் வைக்க வேண்டாம்.

நள்ளிரவுச் சலுகைக்குப் பயப்படாதீர்கள். நாளை காலையிலும் அதே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

தெற்குவாசல் | 10.20

நான் வேலை விஷயமாக வருடத்துக்கு மூன்று முறை போகிறவன். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: 52ஆம் எண் மெட்ரோ. 2018-ல் திறந்த வடக்கு–தெற்குத் தடம். தெற்கே ஜைட், ஐரோப்பாப்ளைன், டி பைப். பிறகு மையத்தில் ரோக்கின், அப்புறம் சென்ட்ரல். எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. ஸ்கிபோலிலிருந்து ஜைடுக்கு ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஜைடும் ஐரோப்பாப்ளைனும் அலுவலகப் பகுதிகள், ஹோட்டல்கள் புதியவை, பெரிய லிஃப்ட் வைத்தவை. வாரநாளில் அலுவலகக்காரர்கள் நிரம்பியிருப்பார்கள், வார இறுதியில் விலை இறங்கும். பக்கத்துக் கண்காட்சி வளாகத்தில் பெரிய மாநாடு ஏதும் அந்தத் தேதிகளில் இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் விலை தலைகீழாகிவிடும்.

அரசர் தினத்தில் மையத்துக்குள் டிராம் வராது. மெட்ரோ ஓடும். ஏப்ரலில் போகிறவர்கள் கோய்கன்ஹோஃப் துலிப் தோட்டத்துக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள், அதற்கும் ஐரோப்பாப்ளைனிலிருந்து நேரடிப் பேருந்து உண்டு.

ரயில்பிரியன் | 10.31

ஹார்லெமிலும் லிஃப்ட் உள்ள ஹோட்டல்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அரசர் தினத்துக் கூட்டத்திலிருந்து தப்பிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

கால்வாய்க்கரை | 10.38

ஹார்லெம் அழகான ஊர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரசர் தினத்தில் ஆம்ஸ்டர்டாம் போய் வரும் ரயில்களில் நிற்க இடம் இருக்காது. முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவரை அந்த நெரிசலில் ஏற்ற நான் துணிய மாட்டேன். ஹார்லெமிலும் அன்று கொண்டாட்டம் உண்டு.

வரைபடம் (மூத்த உறுப்பினர்) | 10.45

படிக்கட்டைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், காரணத்தைச் சொல்லவில்லையே. அக்காலத்தில் வீட்டின் அகலத்தை வைத்து வரி போட்டார்கள். அதனால் குறுகலாகக் கட்டினார்கள், படியும் ஏணியாயிற்று. இது அடிப்படைச் செய்தி.

கால்வாய்க்கரை | 10.58

ஐயா, படகுச் சுற்றுலாவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அதை அப்படியே ஏற்கவில்லை. அந்த மண் சேறு. எந்த வீடானாலும் மரத்தூண்களை ஆழமாக அடித்து அதன்மேல்தான் எழுப்ப வேண்டும். கால்வாயைப் பார்த்த மனையோ பொன்விலை. அகலமாக வாங்க எத்தனை பேரால் முடியும்? வரி இல்லாவிட்டாலும் வீடு குறுகலாகத்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டாம் சதுக்கத்து அரண்மனை 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிறது. என் மகள் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்து சொன்னாள்: வருடத்தின் நாட்களை எழுது, முன்னால் 1, பின்னால் 9.

வரைபடம் (மூத்த உறுப்பினர்) | 11.06

தூண்களுக்கும் படிக்கட்டுக்கும் சம்பந்தமில்லை. அரண்மனை அகலமான கட்டிடம். உங்கள் வாதத்தை நீங்களே உடைக்கிறீர்கள்.

ரயில்பிரியன் | 11.12

வீட்டு முகப்புகளின் உச்சியில் கொக்கி வைத்த உத்தரம் நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? படியில் ஏறாத மேசை, கட்டிலையெல்லாம் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இழுக்கிறார்கள். தூக்கும் பொருள் சுவரில் உரசாதிருக்க முகப்பையே சற்று முன்சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். நான் ஒரு மதியம் முழுக்க அந்தக் கொக்கிகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கால்வாய்க்கரை | 11.15

இப்போதும் அப்படித்தான். எங்கள் அலுவலகத் தோழர் வீடு மாறியபோது சலவை இயந்திரம் ஜன்னல் வழியாகத்தான் போனது. வரைபடம் ஐயா, அரண்மனை நகர மன்றமாக ஊர்ப் பணத்தில் கட்டியது. வணிகர் தன் பணத்தில் கட்டிய வீட்டோடு அதை ஒப்பிட முடியாது.

ஊர்சுற்றி | 11.20

நள்ளிரவு நெருங்குகிறது, கேட்டவர் பதிவு செய்துவிடப் போகிறார். அறைக்கு வருவோம். நிலாமுற்றம், நால்வருக்கு ஒரே அறை என்று தேடினால் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மாடியறையோ அடுக்குக் கட்டிலோதான். இரண்டு இருவர் அறைகளாகத் தேடுங்கள். அப்பா அம்மாவுக்குத் தனிக் குளியலறை கிடைக்கும். "குளியல் தொட்டி இல்லாத, தரைமட்ட ஷவர் வேண்டும்" என்று ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பது படியைவிட ஆபத்து. பதிவுக் குறிப்பில் எழுதினால் மட்டும் போதாது, மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குவாசல் | 11.27

பயணச் செலவிலும் ஒரு விஷயம். மெட்ரோ, டிராம், ரயில் எல்லாவற்றிலும் வங்கி அட்டையைத் தொட்டே போகலாம். ஆனால் ஒரே அட்டையை நால்வருக்குத் தொட முடியாது. ஆளுக்கொரு அட்டை வேண்டும், இறங்கும்போதும் தொட வேண்டும். உங்கள் அப்பா அம்மாவிடம் வெளிநாட்டில் செல்லும் அட்டை இல்லையென்றால் நாள் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கால்வாய்க்கரை | 11.33

பெற்றோர் சைவமா? டி பைப் பகுதியில் ஆல்பர்ட் கைப் சந்தையைச் சுற்றிச் சுரினாம் ரொட்டிக் கடைகள் இருக்கின்றன. 1873 முதல் வட இந்தியாவிலிருந்து, அப்போது டச்சுக்காரர்களின் தென் அமெரிக்கக் காலனியாக இருந்த சுரினாமுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் கொண்டுவந்த சமையல். மெல்லிய பெரிய ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி, நம் ஊர்க் காராமணிக்காயை நீளமாக நறுக்கி வதக்கியது. கோழி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று சொன்னால் காய்கறி மட்டும் வைத்துத் தருவார்கள். என் அம்மா வந்திருந்தபோது இரண்டாம் நாளே "அந்தக் காராமணிக்காய் கடைக்குப் போவோம்" என்றார். ஐரோப்பாப்ளைனிலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம்.

ரயில்பிரியன் | புதன், காலை 7.15

பதிவு செய்துவிட்டீர்களா, நிலாமுற்றம்?

ஊர்சுற்றி | புதன், மாலை 6.40

சகோதரி, ஒரு வரி சொல்லுங்கள். அந்தச் சலுகைக் கடிகாரத்தை நம்பிவிடவில்லையே?

நிலாமுற்றம் | வெள்ளி, காலை 10.05

தாமதத்துக்கு மன்னிக்கவும், விசாக் காகிதங்களில் மூழ்கிவிட்டேன். அந்த ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டேன்: லிஃப்ட் இல்லை, வாசலிலிருந்து அறை வரை 51 படிகள் என்று நேர்மையாகப் பதில் எழுதினார்கள். விட்டுவிட்டேன். ஐரோப்பாப்ளைன் பக்கம் இரண்டு அறைகள், லிஃப்ட் உண்டு, பயணத்துக்கு மூன்று நாள் முன்புவரை இலவச ரத்து. வரியெல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 262 யூரோ. நினைத்ததைவிடக் கூடுதல்தான், கணவர் சரி என்றுவிட்டார். அப்பாவிடம் காராமணிக்காய் பற்றிச் சொன்னேன், அதைத்தான் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லோருக்கும் மிக்க நன்றி.

ஊர்சுற்றி | வெள்ளி, 10.30

நல்ல முடிவு. ஷவர் பற்றிக் கேட்டீர்களா?

தெற்குவாசல் | சனி, 9.12

52ஆம் எண் மெட்ரோவின் எந்த வாசலில் லிஃப்ட் என்று ஐரோப்பாப்ளைனில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நகரும் படிக்கட்டு வாசலுக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டால் வீணாக நடக்க வேண்டியிருக்கும்.

ஊர்சுற்றி | திங்கள், 8.20

நிலாமுற்றம், ஷவர்?