முதல் பென்டா ஊசிக்குப் பிறகு காய்ச்சல்: "அடுத்தது வேண்டாம்" என்கிற வீடுகளில் என்ன சொல்வது?

கேள்வி (கிராம சுகாதார செவிலியர்):
ஒன்றரை மாதத்தில் பென்டா (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) போட்ட ராத்திரி காய்ச்சல், தொடை வீக்கம், அழுகை. அதோடு இரண்டரை மாத ஊசிக்குப் புதன்கிழமை வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அம்மா சம்மதித்தாலும் பாட்டி "நல்லா இருக்கிற பிள்ளையை ஏன் படுத்தணும்" என்கிறார். சில வீடுகளில் "தனியாரில் காசு கொடுத்து வலியில்லாத ஊசி போட்டுக்கிறோம்" என்று சொல்லி, அதையும் போடாமல் நாலு மாதம் ஓடிவிடுகிறது. இவர்களிடம் எப்படிப் பேசுவது? தவணை தப்பினால் முதலிலிருந்து போட வேண்டுமா?

பதில் 1 (பகுதி சுகாதார செவிலியர்):
முதலிலிருந்து வேண்டாம் சிஸ்டர். போட்ட ஊசி கணக்கில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து 4 வார இடைவெளியில் தொடருங்கள்.

பாட்டியிடம் ஊசிகளை எண்ணிக் காட்டுங்கள். ஒன்றரை மாதத்தில் பென்டா, நிமோனியா ஊசி, கையில் போலியோ ஊசி என்று 3 குத்து. இரண்டரை மாதத்தில் பென்டா மட்டும்தான் ஊசி, போலியோவும் ரோட்டாவும் (வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து) வாய்வழி. நாலு மாதம் வரை தள்ளிப்போட்டால் நிமோனியா, போலியோ ஊசிகளின் 8 வார இடைவெளியும் முடிந்துவிடும். அப்போது மறுபடி ஒரே நாளில் 3 குத்து. "இப்ப வந்தா ஒண்ணு, தள்ளிப்போட்டா மூணு" என்பது பாட்டிக்கு உடனே புரியும்.

கக்குவான் இருமல் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைகளைத்தான். ஒரே தவணை அதற்குப் போதாது. இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில் 2 (குழந்தை மருத்துவர்):
காய்ச்சல் வருமென்று ஊசிக்கு முன்னாலேயே சொல்லாததுதான் பல வீடுகளில் பயத்துக்குக் காரணம். பென்டாவில் இருப்பது முழுச்செல் கக்குவான் மருந்து (கொல்லப்பட்ட கிருமி முழுதாக இருக்கும்), அதனால் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். வராவிட்டாலும் ஊசி வேலை செய்கிறது.

பாராசிட்டமால் காய்ச்சல் வந்தபின்தான், முன்கூட்டி வேண்டாம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. பெரிய தவறு நடப்பது சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் இடையில். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லியில் 125. நாலு கிலோ பிள்ளைக்குச் சொட்டு மருந்து 0.6 மில்லி போதும். சிரப் அளவென்று நினைத்து 2.5 மில்லி ஊற்றினால் 250 மில்லிகிராம் போய்விடும். அன்றைய எடையைப் பார்த்து அளவைத் தடுப்பூசி அட்டையின் பின்புறம் எழுதி, துளிக்குழாயில் எந்தக் கோடு என்று தொட்டுக் காட்டுங்கள்.

ஊசி போட்ட இடத்தில் தேய்க்கக் கூடாது, எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். குளிர்ந்த துணி போதும். இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சலை ஊசியின் மேல் போடாதீர்கள், மருத்துவர் பார்க்க வேண்டும். 3 மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, வலிப்பு, துவண்டு போவது, மூச்சுத்திணறல் என்றால் உடனே அனுப்புங்கள். அப்படி நடந்த பிள்ளைக்கு அடுத்த தவணையை மருத்துவ அலுவலர்தான் முடிவு செய்ய வேண்டும். சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளவே வேண்டாம்.

பதில் 3 (தனியார் மருத்துவமனை செவிலியர்):
"வலியில்லாத ஊசி" என்ற பெயரே தவறு. குத்தும் வலி அதே வலிதான். கக்குவான் கிருமியின் சில பகுதிகள் மட்டுமே அதில் இருப்பதால் காய்ச்சலும் வீக்கமும் குறையும், அவ்வளவுதான். பாதுகாப்பு நீடிப்பதில் முழுச்செல் மருந்தே மேல். காசு சேரும்வரை காத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்கும் இதே பயம் வருகிறதே?

பதில் 1:
அதில் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும், லேசான தடிப்பும் வரலாம். 9 மாதத்தில் போடும்போதே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் நடந்த எம்.ஆர். முகாமில் "புது ஊசி" என்று வாட்ஸப்பில் பரவிய வதந்தியால் பல பெற்றோர் பின்வாங்கினார்கள், முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தனியாரில் பல வருடமாகப் போட்டு வந்ததுதான். கேட்டால் குப்பியையும் காட்டுங்கள்: அதிலுள்ள சூடு காட்டும் குறியில், வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து சூடுபட்டுக் கெடவில்லை. மருந்துத் தூளில் நீர்மம் கலக்கிய நேரம் குப்பியில் எழுதியிருக்க வேண்டும், 4 மணி நேரம் தாண்டியதைப் போடக்கூடாது.