அஞ்சு சத சதுரக் காசுல வலை மாதிரி கோடு, எதனால வந்திருக்கும்?

கொழுந்துக்கூடை:
வணக்கம். இலங்கைல தலவாக்கலை பக்கம், தோட்டத்து லயத்துல எங்க பழைய வீட்டுக் காம்பராவ காலி பண்றப்போ அம்மாயியோட தகரப் பெட்டிக்குள்ள ஒரு 1944 அஞ்சு சதம் கெடச்சிச்சு, அதான் மூலையெல்லாம் உருண்ட மாதிரி இருக்குமே அந்த சதுரக் காசு. ராசா தலை இருக்க பக்கம் பரவால்ல. மத்தப் பக்கம் பூரா குறுக்கும் நெடுக்குமா பொடிப்பொடி கோடு, கொசுவலைய வச்சு அமுக்குன மாதிரி. நடுவுல ஒரு எடம் செம்புக் கலர்ல செவந்திருக்கு, ஓரத்துல பச்சையா மாவு. டவுன்ல ஒருத்தர் இது காசு அடிக்கிற மிண்ட்லயே பிழையா அடிச்சது நல்ல விலை போகும்ங்குறாரு, இன்னொருத்தர் தண்டவாளத்துல வச்சிருப்பாங்கங்குறாரு. யாருக்காவது தெரியுமா?

மஸ்கெலியா மச்சான்:
தண்டவாளம் இல்ல. கோச்சி ஏறினா தகடா நசுங்கிரும், சதுரமே மிஞ்சாது. சின்னதுல எத்தன பத்து சதத்த அப்படி வீணாக்கி அடி வாங்கிருக்கோம். தேயிலைத் தூர்ல கெடந்துச்சா? நம்ம மலை மண்ணே புளிப்பு மண்ணு, அதோட அமோனியம் சல்பேட் ஒரமும் சேந்தா காச தின்னுரும்.

கொழுந்துக்கூடை:
மண்ணுல இல்லண்ணே, பெட்டிக்குள்ளதான் இருந்திச்சு.

பழங்காசு பைத்தியம்:
அச்சுக்கும் காசுக்கும் நடுவுல துணி சிக்கி அடிபடுற பிழை உண்மைலயே இருக்கு, நெசவு அப்படியே பதிஞ்சிரும். ஆனா அந்த எடத்துல எழுத்து சரியா விழுந்திருக்காது. வெளிச்சத்த பக்கவாட்டுல அடிச்சு போன் கேமராவ கிட்ட வச்சு பாருங்க, கோடு எழுத்து மேலயும் ஏறுதா?

கொழுந்துக்கூடை:
ஏறி எறங்குது! எழுத்து முழுசா இருக்கு. ஒரு எடத்துல நூலோட முறுக்கு கூட தெரியுது, ஒரு நூல் மேல ஒரு நூல் கீழ.

பழங்காசு பைத்தியம்:
அப்ப இது மிண்ட் பிழை இல்ல, பின்னாடி வந்த அரிப்பு. ஈரத் துணி ஒட்டிக்கிட்டு வருசக்கணக்கா இருந்திருக்கு. இந்தக் காசு செம்பு, சிங்க், நிக்கல் கலந்தது, உப்பும் ஈரமும் பட்டா சிங்க் மொதல்ல கரைஞ்சு போயி செம்பு மிஞ்சும், செவப்பு அதுதான். அம்மாயி எதுலயாச்சும் முடிஞ்சு வச்சிருந்தாங்களா?

மாத்தளை அக்கா:
மஞ்சத்துணி காணிக்கையா இருக்கும் தம்பி. எங்க வீட்டுலயும் மஞ்சத் தண்ணில நனைச்ச துணில காசு முடிஞ்சு சாமி படத்துகிட்ட கட்டுவாங்க, மாரியம்மனுக்குன்னா உப்பும் மொளகும் சேத்து. உப்பு காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்குமே, அதுவும் நம்ம ஊரு மழைக்கு கேக்கவா வேணும்.

கொழுந்துக்கூடை:
அக்கா ஒங்க வாய்க்கு சக்கர போடணும். பெட்டிய திரும்ப கவுத்தேன், மடிச்ச சேலைக்கு அடில ஒரு வெளுத்த துணி, ஒரு மூலை மட்டும் பச்சக் கறை புடிச்சு அப்பளம் மாதிரி வெறச்சிருக்கு, கறை சரியா காசு அளவு சதுரம். அம்மாகிட்ட கேட்டா பெரிய மாமாவுக்கு அம்மை போட்டப்ப மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேந்து 11 சதம் முடிஞ்சாங்களாம், ரெண்டு அஞ்சு சதம், ஒரு ஒத்தச் சதம். கைல காசில்லாம போகவே முடியலயாம். ஒரு கஷ்டத்துல மத்த ரெண்டையும் அவுத்து கடைக்கு எடுத்திட்டாங்க.

பழங்காசு பைத்தியம்:
ராசா பக்கம் தப்பிச்சதுக்கும் காரணம் கெடச்சிருச்சு, அங்க மத்த அஞ்சு சதம் ஒட்டிக் கெடந்திருக்கும், துணி பட்டிருக்காது. புளி போட்டு மட்டும் தேச்சிராதீங்க, கோடே போயிரும். பெட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணில (ஆசிட் இல்ல) ஊறப் போட்டு தெனம் தண்ணிய மாத்துங்க, பொறவு நல்லா காயவச்சு சப்பாத்துப் பெட்டில வர்ற அந்த குருணப் பாக்கெட்டோட மூடி வைங்க. பச்ச மாவு திரும்ப வந்தா உள்ள இன்னும் உப்பு இருக்குன்னு அர்த்தம். விலைய மறந்துருங்க.

கொழுந்துக்கூடை:
விலை கெடக்கட்டும்ணே. அம்மா இப்ப மாசி மகத் தேருக்கு கொண்டு போயி உண்டியல்ல போட்டே ஆகணும்ங்குது. 11 ரூவாயா போட்டுட்டு காச நான் வச்சிக்கிறேனேன்னு கேட்டிருக்கேன், இன்னும் மூஞ்ச திருப்பிக்கிட்டுத்தான் இருக்கு.