நாரிப் பிடிப்பு: அம்மாவை ஒஸ்டியோபாத்திட்டக் காட்டலாமோ?

ஹரோ மகள்:
அம்மாவுக்கு 68. ரெண்டு மாதமா நாரி பிடிச்சு, குனிய ஏலாமல் இருக்கிறா. குடும்ப டொக்டர் (ஜிபி) தந்த குளிசையில குறையேல்லை. மச்சாள் ஒஸ்டியோபாத்திட்ட, அதுதான் கையால எலும்பு, தசைக்குச் சிகிச்சை செய்யிறவையிட்ட, கொண்டுபோகச் சொல்லுறா. அம்மாவுக்கு ஒஸ்டியோபொரோசிஸ் (எலும்பு நலியிற வருத்தம்) இருக்கு; நெட்டி முறிப்பினமோ எண்டு பயமாக் கிடக்கு. அவையும் டொக்டர்மாரோ?

லண்டன் ஒஸ்டியோ:
தங்கச்சி, இதுதான் என்ர தொழில். இங்கிலாந்தில நாங்கள் டொக்டர்மார் இல்லை. அமெரிக்காவில டி.ஓ. எண்ட ஒஸ்டியோபதி மருத்துவப் பட்டம் எடுத்தவை மருந்து எழுதி, ஒப்பரேஷனும் செய்யிற முழு டொக்டர்மார், அது வேற. ஆனா 1993 சட்டத்தின்படி, ஜெனரல் ஒஸ்டியோபதிக் கவுன்சிலில பதியாத ஒருவர் இஞ்ச 'ஒஸ்டியோபாத்' எண்ட பெயரைப் போடேலாது. பதிவேடு இணையத்தில இருக்கு, பாத்திட்டுப் போங்கோ.

எலும்பு நலிஞ்ச முள்ளந்தண்டில நான் நெட்டி முறிக்கவே மாட்டன். அந்த 'டக்' சத்தம் மூட்டுத் திரவத்தில வாயுக்குமிழி உண்டாகிறதால வாறது, விலகின எலும்பு திரும்பிப் போய் இருக்கிறதில்லை. இப்பிடியான அம்மாமாரைப் பக்கவாட்டில படுக்க வைச்சு, இறுகின தசையை மெல்ல இழுத்து, இடுப்பை அசைச்சு அசைச்சு இளக்குவன். நோ குறைஞ்சு நிக்கிற அந்தக் கொஞ்ச நாளுக்குள்ள அவ நடக்கவும் குனியவும் பழக வேணும். இங்கிலாந்தில சிகிச்சை வழிகாட்டல் எழுதுற நைஸ் நிறுவனத்தின்ர 2016 வழிகாட்டலும் உடற்பயிற்சியோட சேர்த்துத்தான் கைச்சிகிச்சையைச் சொல்லுது.

ஒண்டு கேக்கிறன்: எங்கயும் விழுந்தவவோ?

ராசன்:
ஊரில முறிவு நெரிவுப் பரியாரியார் செய்யிறதும் இதுதானே?

லண்டன் ஒஸ்டியோ:
கையால செய்யிறதில ஒற்றுமை இருக்கு அண்ணை, வேர் வேற. இது அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் எண்ட அமெரிக்க வைத்தியர் 1874இல தொடக்கினது. 1864இல மூளைக்காய்ச்சலில பிள்ளையளைப் பறிகொடுத்த மனுசன், அந்தக் கால மருந்துகளில நம்பிக்கை இழந்திட்டார். 1892இல மிசூரியில, கேர்க்ஸ்வில்லில கல்லூரி திறந்தார். எல்லா நோயையும் முள்ளந்தண்டால மாத்தலாம் எண்ட அவற்ற எண்ணத்தை மட்டும் நான் ஏற்கேல்லை.

ஹரோ மகள்:
ஓம் அண்ணா, நோ தொடங்கிறதுக்கு முதல்நாள் குளியலறையில சறுக்கிக் குந்தினவ. பெரிசா அடிபடேல்லை எண்டு ஜிபிக்குச் சொல்லேல்லை.

லண்டன் ஒஸ்டியோ:
அப்ப இப்ப ஒருதரும் கை வைக்க வேண்டாம். நலிஞ்ச எலும்பு சின்ன விழுகையிலயும் நசிஞ்சு உடையும். நாளைக்கே ஜிபியிட்ட விழுந்ததைச் சொல்லி எக்ஸ்ரே கேளுங்கோ. கால் ரெண்டும் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு விறைச்சாலோ, சிறுநீர் போக ஏலாமல் வந்தாலோ ஜிபியைப் பாத்து நிக்காமல் நேர ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு (ஏ அண்ட் ஈ) கொண்டோடுங்கோ. எக்ஸ்ரேயில உடைவில்லை எண்டால் பிறகு வந்து கேளுங்கோ, என்ன பயிற்சி தொடங்கலாம் எண்டு சொல்லுறன்.